கூதலில் கிடத்துவதா, விடுவதா? வளர்ப்புப் பாம்பில் குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு

"மாமா, கராஜில் 17 பாகை காட்டுது. இது காணும்தானே?"

ஒக்ரோபர் கடைசியில் லண்டனிலிருந்து என் தங்கச்சியின் மகள் இப்படிக் கேட்டு, வெப்பமானியைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தாள். மட்டக்களப்புக் கல்லடியில் அன்றைக்குத்தான் மாரியின் முதல் பெருமழை. ஓட்டில் விழும் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் எழுதியே பதில் அனுப்பினேன்: "காணாது மகள். 17இல் வைப்பதென்றால் வைக்காமலே விடு."

அவளிடம் ஒரு சோடி கோர்ன் பாம்பும் (அமெரிக்க இனம்) அவள் கணவரிடம் ஒரு சோடி போல் பைத்தனும் (ஆபிரிக்க மலைப்பாம்பு) இருக்கின்றன. வருகிற வருடம் இரண்டு சோடியிலும் குஞ்சு எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதற்கு முன் பாம்புகளைச் சில வாரம் குளிரில் வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. பாம்பு வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒருவர் கட்டாயம் என்பார், அடுத்தவர் அதெல்லாம் தேவையில்லை என்பார். நான் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். போன வருடக் குளிர்காலத்தில் மூன்று மாதம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுடைய பெண் கோர்ன் பாம்பைச் சமையலறைத் தராசில் வைத்து நிறை பார்த்தவனும் நான்தான். அங்கே கண்டதற்குப் பிறகு இந்த விடயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பாம்பைச் சூட்டில் வைக்கலாம். சரியான குளிரிலும் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வைக்கக் கூடாது.

போன வருடம் நடந்தது

பாம்பு விற்றவர் சொன்ன யோசனை மிகச் சுருக்கமானது: "கொஞ்சம் குளிரான அறையில் பத்து வாரம் போடுங்கள், பிறகு சோடி சேருங்கள்." எத்தனை பாகை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வீட்டில் பாவிக்காத சின்ன அறையில் ஹீற்றரை நிறுத்தி, பாம்புப் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், சுற்றியுள்ள அறைகளின் சூடு சுவரால் இறங்கிக்கொண்டேயிருக்கும். அந்த அறை 16க்கும் 18க்கும் இடையில்தான் நின்றது.

நான்கு வயதுப் பெண் கோர்ன் பாம்பு. தொடங்கும்போது 420 கிராம். இரையை நிறுத்தியாயிற்று. ஆனால் பாம்பு உறங்கவில்லை. ஒரு இரவு தண்ணீர் குடிக்க எழும்பியபோது அந்த அறையில் சரசரவென்று சத்தம். விளக்கைப் போடாமல் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் மூக்கை உரசிக்கொண்டே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், திரும்பி, மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. மூக்கு நுனியின் செதில் தேய்ந்து வெளுத்திருந்தது. அது பசியில் வழி தேடும் பாம்பு, குளிரில் அடங்கிய பாம்பு அப்படிச் செய்யாது.

நான்காவது வாரம் மருமகளுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு எலியை உருக்கிக் கொடுத்தாள். பாம்பு உடனே விழுங்கியது. ஐந்தாம் நாள் காலை அது அப்படியே வெளியே கிடந்தது: பாதி மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில், ஊதிப்போய். அந்த நாற்றத்துக்கு டிசம்பர் குளிரிலும் எல்லா யன்னல்களையும் திறந்துவிட வேண்டியிருந்தது. இரை செமிப்பதற்குச் சூடு வேண்டும். சூடு இல்லாவிட்டால் எலி வயிற்றுக்குள் செமிப்பதற்கு முன் அழுகத் தொடங்கிவிடும். கக்கிவிட்டது நல்லது, கக்காமல் உள்ளே கிடந்திருந்தால் பாம்பே போயிருக்கும்.

பத்து வாரம் முடிய 366 கிராம். எட்டில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிருந்தது. வசந்தத்தில் சோடி சேர்த்தார்கள், சேர்ந்தது. யூனில் 14 முட்டை இட்டது. அதில் 11 கூமுட்டை: சிறிதாக, மஞ்சளாக, மெழுகு போல. மீதி மூன்றில் இரண்டு பொரித்தன.

ஒரு சோடியின் ஒரு வருடத்தை வைத்து விதி எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். கூமுட்டைக்கு ஆண் பாம்பும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த 54 கிராம் எங்கே போனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

நடுவில் நிற்பது ஏன் கெடுதல்

பாம்பு பொதுவாகத் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கும் பிராணி அல்ல. வெளியே எவ்வளவு சூடோ, உள்ளே அவ்வளவு வேகம். பொதுவாக வெப்பநிலை 10 பாகை இறங்கினால், உடல் சக்தியை எரிக்கும் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். இதை வைத்துக் கணக்குப் பாருங்கள். 28 பாகையில் சாதாரணமாக இரை எடுத்துத் திரியும் பாம்பை 11 பாகைக்குக் கொண்டுவந்தால், எரிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும். மூன்று மாதம் சாப்பிடாமல் கிடந்தாலும் கொழுப்பு பெரிதாகக் குறையாது. 20 பாகையில் வைத்தால் எரிப்பு பாதிதான் குறையும். செமிபாடு சீராக நடப்பதற்கோ அந்தச் சூடு போதாது. செலவு ஓடுகிறது, வரவு நிற்கிறது. 17 என்பது இந்தக் குழிக்குள்தான் கிடக்கிறது.

சரி, அப்படியானால் குளிர் எதற்கு? இதற்குக் காரணம் பாம்பு இனத்துக்கு இனம் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் "பாம்புக்குக் குளிர் வேண்டும்", "வேண்டாம்" என்று பொதுவாகப் பேசுவதால்தான் குழப்பமே.

குளிர் கட்டாயம் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கனடாவில் இருக்கிறது. மனிற்றோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள் சிவப்புப் பக்கக் காட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வெளியே வருகின்றன. ஒரு பெண்ணைச் சுற்றிப் பத்து, இருபது ஆண்கள் பந்து போல உருண்டு கிடக்கும். அந்த ஆண்களுக்கு விந்து உண்டானது முந்தின கோடையில். குளிர்காலம் முழுக்க அது உடம்பில் சேமிப்பாக இருந்தது. வசந்தத்தில் அவை பெண்ணை நாடும்போது, ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்தெரோன் இரத்தத்தில் குறைவாகத்தான் இருக்கும். அவற்றை எழுப்புவது நீண்ட குளிரும் அதன் பின் வரும் சூடும்தான். குளிரே காட்டாமல் வைத்த ஆண் பெண்ணைத் திரும்பியும் பார்க்காது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தப் பாம்பை வைத்து வருடக்கணக்காக ஆராய்ந்தது இதைத்தான். ஹோர்மோன் ஏறும்போதுதான் இணை சேரும் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்துப் படிப்பித்த எனக்கு, இதை முதன்முதல் வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை.

ஆனால் காட்டர் பாம்பின் கதையை எல்லாப் பாம்புக்கும் போர்த்த முடியாது. கோர்ன் பாம்பையே எடுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கில் அது பரந்து வாழ்கிறது. வடக்கே நியூ ஜேர்சியின் பைன் காடுகளில் நிலம் உறையும், அங்குள்ள பாம்பு மாதக்கணக்காக மண்ணுக்கடியில் கிடக்கும். தெற்கே புளோரிடா கீஸ் தீவுகளில் ஜனவரி இரவுகூட பெரும்பாலும் 15 பாகைக்குக் கீழே போகாது, அங்குள்ளது வருடம் முழுக்கத் திரியும். இரண்டும் ஒரே இனம். இரண்டும் முட்டையிடுகின்றன. இன்று வீடுகளில் இருக்கும் கோர்ன் பாம்புகளோ பல தலைமுறையாக மனிதர் கையில் கலந்து பெருகியவை. எது வடக்கின் வாரிசு, எது தெற்கின் வாரிசு என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் "நான் குளிரில் வைக்காமலே பதினைந்து குஞ்சு எடுத்தேன்" என்பவரும் "வைக்காத வருடம் எல்லாம் கூமுட்டை" என்பவரும் இரண்டு பேருமே உண்மை பேசலாம்.

எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது

படுவான்கரை வயல் வட்டைகளில் பெரும்போகத்துக்குத் தண்ணீர் நின்றதும் தவளை கத்தத் தொடங்கும். தவளை கத்தினால் தண்ணீர்ப் பாம்பு வந்துவிடும். எங்கள் பாம்புகளுக்கு வருடத்தைப் பிரித்துக் காட்டுவது குளிர் அல்ல, மழையும் இரையும்தான். மட்டக்களப்பில் தை மாதத்து இரவுகூட 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வாடைக் காற்றுக்கு நாம் கூதல் என்று போர்த்திக்கொள்வோம், நியூ ஜேர்சிப் பாம்பு அதைக் கோடை என்று நினைக்கும்.

வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பும் இதே பாடத்தைச் சொல்கிறது. இந்தியாவில் ராஜஸ்தானின் பரத்பூரில் வாழும் வெங்கிணாந்தி, குளிர்காலத்தில் முள்ளம்பன்றி தோண்டிய வளைகளுக்குள் ஒதுங்கி, பகலில் வாசலில் வந்து வெயில் காய்கிறது. எங்கள் காட்டில் இருக்கும் அதே இனத்துக்கு அந்தக் குளிர் என்னவென்றே தெரியாது. இரண்டு இடத்திலும் பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசையைத் துடிக்க வைத்துச் சூடு உண்டாக்கி அடைகாக்கிறது. இனப்பெருக்கத்துக்குக் குளிர் வேண்டுமா என்று ஒரு இனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். "சாரையும் நாகமும் பிணையுது" என்று ஊரில் கூட்டம் கூடிப் பார்ப்பார்கள், வேட்டியைக்கூட மேலே போடுவார்கள். தலையைத் தூக்கி ஒன்றையொன்று முறுக்கி நிற்கும் அந்த இரண்டும் அனேகமாக இரண்டு ஆண் சாரைகள். நடப்பது சண்டை. சாரை ஒரு இனம், நாகம் வேறு இனம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வளர்ப்பவர்களுக்கும் இது முக்கியம். பால் சரியாகப் பார்க்காமல் இரண்டு ஆணை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு "இணை சேருது" என்று சந்தோசப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

சூட்டுக்குப் பழகிய உடம்பைத் திடீர்க் குளிர் என்ன செய்யும் என்பதை நாங்கள் 2022 மார்கழியில் கண்டோம். மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் கடந்துபோன அந்த நாட்களில், மழையும் காற்றும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. அடுத்த நாள் காலை எங்கள் வேலியோரம் ஒரு சாரை நீட்டி நிமிர்ந்து கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து ஈர்க்கால் தொட்டேன். நாக்கை மட்டும் ஒருமுறை மெதுவாக நீட்டியது. பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும் நகர்ந்து போய்விட்டது. இரண்டு நாள் என்றபடியால் தப்பியது. வயிற்றில் இரையோடு, ஈரத்தில், இரண்டு வாரம் அப்படிக் கிடந்திருந்தால்?

இங்கே இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காட்டிலோ வளவிலோ பிடித்த வெங்கிணாந்தியை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே பாம்பு வீட்டுக்குள் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இந்தக் கட்டுரை, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் பண்ணையில் பிறந்த பாம்புகளை வளர்க்கும் எங்கள் ஆட்களுக்கானது.

மூன்று வழிகள்

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. வருடம் முழுக்கச் சூடு, வருடம் முழுக்க இரை. பெண் பாம்பு நிறை இழக்காது, நெஞ்சில் சளி கட்டாது, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு கண்விழிக்க வேண்டியதில்லை. முதன்முதல் குஞ்சு எடுப்பவருக்கு இது பாதுகாப்பானது. குறை என்னவென்றால், ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராகும் என்பதற்கு உறுதி இல்லை. பெண்ணில் முட்டைக் கரு வளரும் நேரம் ஒன்று, ஆணின் மனம் திரும்பும் நேரம் வேறொன்று என்று ஆகலாம். இடைவிடாத சூட்டில் வைத்த ஆணில் கரு பிடிப்பது குறைகிறது என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். கோர்ன் ஆண்கள் சில, சூட்டில் இருந்தாலும் குளிர்காலம் வந்தால் தாமாகவே இரையை மறுத்துவிடும். அப்படி மறுக்கும் ஆணைச் சூட்டிலேயே வைத்திருந்தால் அதுவும் கரையும். அந்த ஆணுக்குக் குளிர்தான் நன்மை.

இரண்டாவது வழி, இரவில் மட்டும் சில பாகை இறக்குவது. பகலில் சூடான மூலை அப்படியே இருக்கும். இரவில் மட்டும் 24, 25 பாகைக்கு இறங்கும், வெளிச்சமும் பன்னிரண்டு மணித்தியாலத்திலிருந்து பத்துக்குக் குறையும். இதை நான் மேலே திட்டிய நடுக் குளிரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பாம்பு விரும்பினால் எந்தப் பகலிலும் 32 பாகைச் சூட்டில் போய்ப் படுக்கலாம், இரை செமிக்கலாம். போல் பைத்தனுக்கு இதுவே அதிகபட்சம். அது மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் பிராணி. கானா, டோகோ, பெனின் நாடுகளில் வரண்ட ஹர்மட்டான் காற்று வீசும் மாதங்களில் இரவு கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். இந்தச் சிறு இறக்கமும் இல்லாமலே முட்டையிடும் போல் பைத்தன்கள் ஏராளம். அதைக் கராஜில் கொண்டுபோய் 12 பாகையில் வைப்பது கொடுமை. மூக்கிலும் வாயிலும் சளி நுரைக்கும், வாயைத் திறந்து மூச்சிழுக்கும், பிறகு மிருக வைத்தியரும் ஊசியும்தான். மருமகளின் கணவர் "இரண்டு சோடியையும் ஒரே பெட்டியில் வைத்தால் வேலை மிச்சம்" என்று கேட்டபோது இந்த ஒரு விடயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்தினேன். கார்ப்பெட் பைத்தன், போவா போன்றவற்றுக்கும் ஏறக்குறைய இந்த இரவு இறக்க வழிதான். கார்ப்பெட் பைத்தன் இன்னும் கொஞ்சம் குளிர்ந்த இரவைத் தாங்கும்.

மூன்றாவது வழி, முழுக் குளிர்த்துயில். 10 முதல் 13 பாகை, எட்டு முதல் பத்து வாரம், இருட்டு, இரை கிடையாது, தண்ணீர் எப்போதும் உண்டு. மனிற்றோபாவின் காட்டர் பாம்புக்கு வேறு வழியே இல்லை. கலிபோர்னியா கிங் பாம்பு, மில்க் பாம்பு, ஹொக்நோஸ் ஆகியவற்றுக்கு நான் இதையே சொல்வேன். கோர்ன் பாம்புக்கு இது கட்டாயம் அல்ல, ஆனால் வெப்பநிலையை உங்களால் பிடித்து வைக்க முடியுமானால் மூன்றிலும் நல்ல வழி. வெளியே வந்த பாம்பு பசியோடு எலி எடுக்கும், சில வாரத்தில் செட்டை கழற்றும், கழற்றிய கையோடு பெண்ணின் மணம் ஆணுக்குத் தெரியும். எல்லாம் ஒரு ஒழுங்கில் நடக்கும். முட்டை எப்போது வரும் என்று நாட்காட்டியில் குறிக்கலாம்: சேர்ந்து ஐந்து, ஆறு வாரத்தில். முட்டையிட ஏறக்குறைய பத்து நாள் முன்பு இன்னொருமுறை செட்டை கழற்றும். 28 பாகையில் வைத்தால் ஏறத்தாழ 60 நாளில் பொரிக்கும்.

செலவையும் சொல்ல வேண்டும். 2022இல் பிரித்தானியாவில் மின்கட்டணம் ஏறிய பிறகு, குளிர்த்துயிலைச் சூட்டுச் செலவை மிச்சப்படுத்தும் வழியாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மிச்சம்தான். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகப் பாம்பைக் குளிரில் வைப்பவர் தேர்மோஸ்டாட்டிலும் மிச்சம் பிடிப்பார், அங்கேதான் 17 பாகை வந்து நிற்கிறது.

முடிவெடுப்பதற்கு முன் பெண்ணைப் பாருங்கள்

எந்த வழியானாலும் பெண் பாம்பின் உடம்புதான் முதலாவது. கோர்ன் பெண்ணுக்கு மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம் என்று வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதை மிகக் குறைந்த அளவு என்றுதான் எடுப்பேன், 350ஐத் தாண்டியிருந்தால் மனம் ஆறும். போல் பைத்தன் பெண்ணுக்கு 1500 கிராமும் மூன்று வயதும். முட்டை வெளியே வராமல் வயிற்றில் சிக்குவது பெண் பாம்புகளைக் கொல்லும் காரணங்களில் ஒன்று. விலா எலும்பு துருத்தி, முதுகெலும்பு கூரை முகடு போலத் தெரியும் பெண்ணை அந்த வருடம் சோடி சேர்க்கவே வேண்டாம். சளி, புண், உண்ணி எது இருந்தாலும் குளிர் கிடையாது. கடந்த இரண்டு மாதத்துக்குள் இரையைக் கக்கியிருந்தாலும் கிடையாது.

பிறக்கும் குஞ்சுகளுக்கு வீடு இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள். ஒரு கோர்ன் பாம்பு 15, 20 முட்டை இடும். ஒவ்வொரு குஞ்சுக்கும் தனிப் பெட்டி, தனிச் சூடு, கண் திறக்காத எலிக்குஞ்சு. கைவிடப்பட்ட பாம்புகளை எடுக்கும் காப்பகங்களில் கோர்ன் பாம்புக்குக் குறைவே இல்லை. மருமகளிடம் ஆறு குஞ்சுக்கு ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நல்ல முட்டை வந்தால் அதிகமானவற்றை இட்ட முதல் நாளிலேயே உறைநிலையில் வைத்துவிடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். அந்தப் பேச்சு அவளுக்கு இலகுவாக இருக்கவில்லை.

இந்த வருடம் நாங்கள் செய்தது

போல் பைத்தன் சோடி வீட்டுக்குள்ளேயே. இரவில் 25, பகலில் சூட்டு மூலை 32. நவம்பரிலிருந்து ஆண் இரை எடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆண் போல் பைத்தன் மறுப்பது வழக்கம் என்பதால் நிறையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோர்ன் சோடிக்குக் கராஜ். ஒக்ரோபரில் 17 காட்டிய அதே கராஜ் டிசம்பரில் 7, 8க்கு இறங்கும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்றேன். சூடான இடத்தைக் குளிராக்குவது கடினம். குளிர்ந்த இடத்தில் ஒரு பெட்டியைக் கொஞ்சம் சூடாக்குவது இலேசு. எங்கள் ஊரில் மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியைப் போல ஒன்று, தடிப்பான சுவர் உள்ளது. பக்கச் சுவரில் ஒரு சூட்டுப் பாய், பாம்பின் பெட்டிக்குள் நுழையும் உணரி, தேர்மோஸ்டாட் 11.5இல். மூச்சுக்கு மேலே ஆறு துளை. வைன் குளிரூட்டிக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான், காற்று மாறுவதற்கு இடைக்கிடை கதவைத் திறந்து மூட மறக்கக் கூடாது. சாதாரண பிறிட்ஜ் 4 பாகையில் நிற்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைசி இரை நவம்பர் முதலாம் வாரம். அதன் பிறகு மூன்று வாரம் முழுச் சூட்டில் வெறும் வயிறாக. இந்த மூன்று வாரத்தைச் சுருக்கியவர்கள்தான் பாம்பை இழக்கிறார்கள். குடல் முழுதாகக் காலியாக வேண்டும், எச்சம் போனதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு பத்து நாளில் படிப்படியாக இறக்கி, டிசம்பர் 6ஆம் திகதி கராஜுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் மாற்றி, நிறை பார்த்து, உடனே மூடிவிடுவது. தொடங்கிய நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது மூக்கில் ஈரம் கண்டால், அன்றைக்கே சூட்டுக்குத் திருப்புவது என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம். பெப்ரவரி நடுவில் மெதுவாகச் சூடேற்றி, ஒரு கிழமை கழித்து முதல் எலி, அதுவும் வழக்கத்தில் பாதி அளவு.

இன்று மார்கழி மழை விட்டு வெளித்திருக்கிறது. காலையில் கல்லடிக் கடற்கரையால் நடந்து வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகளின் படம் வந்தது. வெப்பமானியில் 11.6. பெண் பாம்பு காகிதத் துண்டுகளுக்குள் வட்டமாகச் சுருண்டு, தலையை நடுவில் வைத்துக் கிடக்கிறது. மூக்கு நுனிச் செதில் வளர்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு, 438இல் தொடங்கியது 435 கிராம்.

"அசையவே இல்லை மாமா, தட்டிப் பார்க்கட்டா?" என்று கேட்டிருந்தாள்.

"வேண்டாம் மகள். தண்ணீரை மாத்திப்போட்டு மூடி விடு."